மூடும் போது வரிசை மாறலாமா?

பென் டிரைவைப் பிடுங்கும் முன், டாஸ்க் பாரின் வலது மூலையில் உள்ள சிறிய ஐகானில் கிளிக் செய்திட வேண்டும். எடுக்கலாம் என்ற செய்தி வந்த பின்னரே எடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் வாங்கிய முதல் வாரத்திலேயே இதை யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். ஏன் என்பதைப் பெரும்பாலும் சொல்லியிருக்க மாட்டார்கள். காரணம் எளிதானது தான். முதலில் பைலை எழுதி முடிக்க வேண்டும். பின் பைலை மூட வேண்டும். அதன் பிறகு தான் டிரைவை விட வேண்டும். இந்த வரிசை மாறினால் பைல் கெட்டுப் போகும். 2018ல் வந்த விண்டோஸ் 10ன் 1809 பதிப்பிலிருந்து, ஐகானைக் கிளிக் செய்யாமலேயே டிரைவை எடுக்க வழி செய்யும் செட்டிங்கை மைக்ரோசாப்ட் மாறா நிலையாக வைத்துவிட்டது. ஆனாலும் பைல் காப்பி ஆகிக் கொண்டிருக்கும் போது பிடுங்கினால் கதை பழைய கதை தான்.

இந்த வரிசைப் பிரச்னை பென் டிரைவோடு முடிவதில்லை. நீங்கள் இயக்கும் ஒவ்வொரு புரோகிராமும் மெமரியில் இடம் பிடிக்கிறது, பைல்களைத் திறக்கிறது, வேறு யாரும் தொடக் கூடாது என்று சிலவற்றைப் பூட்டி வைக்கிறது, தற்காலிக போல்டர்களை உருவாக்குகிறது. வேலை முடிந்ததும் இவை அத்தனையையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். உங்களுக்குத் தெரிவது மேல் மூலையில் உள்ள பெருக்கல் குறி மட்டும் தான். அதைக் கிளிக் செய்த பின், திரைக்குப் பின்னால் பல டஜன் பொருட்கள் ஒன்றன் பின் ஒன்றாக மூடப்படுகின்றன. எது முதலில், எது கடைசியில் என்று தீர்மானிப்பது யார்? புரோகிராம் எழுதுபவரா, அல்லது அவர் எழுதப் பயன்படுத்தும் கம்ப்யூட்டர் மொழியா? வரிசை தவறினால் கெடுவது உங்கள் பைல் என்பதால், புரோகிராம் எழுதாதவர்களும் இதைத் தெரிந்து கொள்வது நல்லது.

சி மொழியில் எல்லாம் புரோகிராமரின் பொறுப்பு. திறந்தவர் அவரே, மூட வேண்டியவரும் அவரே. மறந்தால் மறந்தது தான். பல மணி நேரம் இயங்கிய பின் ஒரு புரோகிராம் மெமரியை விழுங்கிக் கொண்டே போய் கம்ப்யூட்டரை நத்தை போல் ஆக்குவதைப் பார்த்திருப்பீர்கள். திருப்பித் தர மறப்பது அதற்கு முக்கியமான காரணம்.

இதற்குத் தீர்வாக சி ப்ளஸ் ப்ளஸ் மொழியை உருவாக்கிய பியார்ன் ஸ்ட்ரூஸ்ட்ரப் கொண்டு வந்தது தான் டெஸ்ட்ரக்டர். ஒரு பொருளின் ஆயுள் முடியும் போது தானாகவே இயங்கும் சிறிய துப்புரவுப் பணியாளர் என்று இதை எண்ணிக் கொள்ளுங்கள். பைல் என்ற பொருளின் டெஸ்ட்ரக்டர் பைலை மூடும். பூட்டின் டெஸ்ட்ரக்டர் பூட்டைத் திறந்துவிடும். புரோகிராமர் மறந்தாலும் மொழி மறக்காது.

வரிசைக்கும் ஒரு விதி உண்டு. கல்யாண வீட்டுப் பந்தலை நினைத்துக் கொள்ளுங்கள். முதலில் கம்பு நடுவார்கள். அதன் மேல் கீற்று வேய்வார்கள். கடைசியில் சீரியல் லைட் கட்டுவார்கள். பிரிக்கும் போது லைட்டைக் கழற்றி, கீற்றை இறக்கி, கடைசியில் தான் கம்பைப் பிடுங்குவார்கள். கம்பை முதலில் பிடுங்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. புரோகிராமிலும் கடைசியில் வந்தது முதலில் போகும். ஒரு பங்ஷனுக்குள் உருவாக்கிய பொருட்களுக்கு சி ப்ளஸ் ப்ளஸ், ரஸ்ட் இரண்டிலும் இதே விதி தான். ஆனால் ஒரு பொருளுக்கு உள்ளே இருக்கும் உறுப்புகளை சி ப்ளஸ் ப்ளஸ் தலைகீழ் வரிசையில் அழிக்கும். ரஸ்ட், எழுதிய வரிசையிலேயே அழிக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுபவர்கள் இதில் இடறி விழுவதுண்டு.

ரஸ்ட் என்றதும் ஏதோ ஆராய்ச்சிக் கூடத்து மொழி என்று நினைத்துவிட வேண்டாம். மொசில்லாவில் பணியாற்றிய கிரேடன் ஹோர் 2006ல் தம் சொந்த முயற்சியாகத் தொடங்கியது. 2015 மே மாதம் அதன் 1.0 பதிப்பு வந்தது. 2017 நவம்பரில் வந்த பயர்பாக்ஸ் 57ல், இணையப் பக்கங்களின் தோற்றத்தைக் கணக்கிடும் பகுதி ரஸ்டில் எழுதப்பட்டது. 2022 டிசம்பரில் லினக்ஸ் கெர்னலின் 6.1 பதிப்பு ரஸ்டுக்கு இடம் கொடுத்தது. மெமரியைக் கையாள்வதில் ஏற்படும் தவறுகளைப் புரோகிராம் இயங்கும் முன்னரே கம்பைலர் பிடித்துவிடும் என்பது தான் இதன் சிறப்பு. தன் புரோகிராம்களுக்கு ஆண்டு தோறும் சரி செய்யும் பாதுகாப்புக் குறைகளில் சுமார் 70 சதவீதம் மெமரி தொடர்பானவை என்று 2019ல் மைக்ரோசாப்டே சொன்னது. எனவே இந்த மொழியை நான் குறை சொல்ல வரவில்லை. தினமும் இதில் தான் எழுதுகிறேன்.

இனி குளோஷருக்கு வருவோம். ஒரு வேலையைச் சிறு பொட்டலமாகக் கட்டி, "இதைப் பின்னர் செய்" என்று வேறு இடத்திற்கு அனுப்பி வைப்பது தான் குளோஷர். வேலைக்குத் தேவையான பொருட்களையும் அந்தப் பொட்டலம் தன்னோடு எடுத்துக் கொள்ளும். எடுத்துக் கொள்வதைத் தான் கேப்ச்சர் என்கிறோம். எதை எடுத்துக் கொள்கிறது என்பதில் தான் நம் கதை இருக்கிறது.

பக்கத்து வீட்டு அக்கா தாளிப்பதற்குக் கொஞ்சம் கடுகு கேட்டு வருகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். 2021க்கு முந்தைய ரஸ்ட், அஞ்சறைப் பெட்டியையே தூக்கிக் கொடுத்துவிடும். அக்கா பெட்டியைத் திருப்பித் தரும் வரை உங்கள் வீட்டு சாம்பாருக்கு மஞ்சள் தூள் கூடக் கிடைக்காது. உண்மையிலேயே புரோகிராமர்களுக்கு இது பெரிய தலைவலியாக இருந்தது. ஒரு பொருளின் ஒரு பகுதியைக் குளோஷர் பயன்படுத்தினால், மற்றொரு பகுதியை வெளியில் தொட்டால் கூட கம்பைலர் பிழை என்று சொல்லிவிடும். 2021 அக்டோபரில் ரஸ்ட் 1.56 பதிப்புடன் வந்த "2021 எடிஷன்" இதை மாற்றியது. கடுகு கேட்டால் கடுகுக் கிண்ணம் மட்டும் போகும். பெட்டி உங்கள் வீட்டிலேயே இருக்கும்.

நல்ல மாற்றம் தானே? நல்ல மாற்றம் தான். ஆனால் பெட்டி எங்கே இருக்கிறதோ அங்கே தான் அது கழுவி வைக்கப்படும். முன்பு முழுப் பெட்டியும் அக்கா வீட்டில், அவர் சமையல் முடிந்த பின் கழுவப்பட்டது. இப்போது கடுகுக் கிண்ணம் மட்டும் அங்கே. மீதி எல்லாம் உங்கள் சமையல் முடிந்ததும் இங்கே. அதாவது டெஸ்ட்ரக்டர்கள் இயங்கும் நேரமும் வரிசையும் மாறிவிட்டன. புரோகிராமர் ஓர் எழுத்தைக் கூட மாற்றவில்லை. எடிஷன் எண்ணை மட்டும் மாற்றினார். உவமை இதற்கு மேல் ஓடாது. நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

கடைகளுக்கான பில்லிங் புரோகிராம் செய்து விற்கும் ஒரு சிறிய நிறுவனம். பெயர் வேண்டாம். அவர்கள் புரோகிராமில் பேக்கப் எடுக்க ஒரு பட்டன் உண்டு. அதனை அழுத்தினால், பில் பைல்கள் எல்லாம் முதலில் ஒரு தற்காலிக போல்டருக்கு காப்பி ஆகும். பின்னர் பின்னணியில் இயங்கும் ஒரு த்ரெட், அவற்றை ஒவ்வொன்றாகச் சுருக்கி பென் டிரைவில் எழுதும். அந்த வேலை ஒரு குளோஷராக அனுப்பப்பட்டது. போல்டரும், அதில் உள்ள பைல் பெயர்களின் பட்டியலும் ஒரே பொருளின் இரு பகுதிகள். குளோஷர் நேரடியாகத் தொட்டது பட்டியலை மட்டும் தான். போல்டர் பகுதிக்கு ஒரு டெஸ்ட்ரக்டர் உண்டு. ஆயுள் முடிந்ததும் அது போல்டரை ஹார்ட் டிஸ்கிலிருந்து அழித்துவிடும். த்ரெட்டை அனுப்பிய பின், "பேக்கப் எடுக்கப்படுகிறது" என்று ஒரு செய்திப் பெட்டியும், ஓகே பட்டனும் திரையில் வரும். ஓகே அழுத்தினால் அந்த பங்ஷன் முடிந்துவிடும்.

பழைய எடிஷனில் இது சரியாக இயங்கியது. முழுப் பொருளும் குளோஷரோடு போனதால், த்ரெட் வேலையை முடித்த பின்னரே போல்டர் அழிக்கப்பட்டது. 2021 எடிஷனுக்கு மாறும் போது, ரஸ்டுடன் வரும் மாற்ற உதவி புரோகிராம் இந்த ஆபத்தைக் கண்டுபிடித்தது. குளோஷரின் முதல் வரியாக, முழுப் பொருளையும் சும்மா ஒரு முறை தொட்டுவிட்டுப் போகும் ஒரு வரியைத் தானே சேர்த்தது. அந்த வரி எந்த வேலையும் செய்யாது. ஆனால் அது இருப்பதால் முழுப் பொருளும் குளோஷருக்குள் போகும். எல்லாம் பழையபடியே இயங்கியது.

ஆறேழு மாதம் கழித்து, புதிதாகச் சேர்ந்த ஒருவர் புரோகிராமைச் சுத்தம் செய்தார். எதுவுமே செய்யாத ஒரு வரியைப் பார்த்தார், நீக்கினார். கம்பைலர் வாயே திறக்கவில்லை. அலுவலகத்தில் சோதித்த போது நாலைந்து பைல்கள் தான். ஓகே அழுத்துவதற்குள் வேலை முடிந்து போனது. கடைகளில் அப்படி அல்ல. ஆயிரக்கணக்கான பைல்கள். செய்தி வந்த உடனே ஓகே அழுத்தும் கடைக்காரருக்கு, த்ரெட் பாதி வேலையில் இருக்கும் போதே போல்டர் காணாமல் போனது. காணாத பைல்களைத் த்ரெட் சத்தமில்லாமல் விட்டுவிட்டுப் போனது. நிதானமாக டீ குடித்துவிட்டு ஓகே அழுத்தியவருக்கு முழு பேக்கப் கிடைத்தது! பைல் பெயர்கள் தேதி வரிசையில் இருந்ததால் பழைய பில்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன. அண்மைக் கால பில்கள் தான் இல்லை. ஒரு கடைக்காரர் ஹார்ட் டிஸ்க் பழுதாகி, பேக்கப்பைத் திறந்த போது தான் விஷயம் தெரிந்தது. பென் டிரைவ் சரியில்லை, நல்லதாக ஒன்று வாங்குங்கள் என்று அவருக்குப் பதில் சொன்னார்கள். அவரும் வாங்கினார். அதிலும் அதே கதை. பின்னர் தான் நிறுவனத்தில் இருந்த நண்பர் ஒருவர் என்னைப் பார்க்கச் சொன்னார்.

இதில் யாரைக் குறை சொல்வது? வரியை நீக்கியவரையா? அவர் இடத்தில் யார் இருந்தாலும் நீக்கியிருப்பார்கள். குப்பை போலத் தோற்றமளிக்கும் வரி, கடைக்காரரின் கணக்கைக் காப்பாற்றிக் கொண்டிருந்தது என்று எப்படித் தெரியும்? மாற்ற உதவி புரோகிராம் அந்த வரியோடு ஏன் சேர்க்கப்பட்டது என்று ஒரு குறிப்பும் எழுதுவதில்லை.  வரி மட்டும் அனாதையாக நின்றது.

என் கருத்து இது தான். மூடும் நேரமும் வரிசையும் முக்கியம் என்றால், அது புரோகிராமில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். குளோஷர் எதை எடுத்துச் செல்லும் என்று கம்பைலர் ஊகிப்பதிலிருந்து பக்க விளைவாக வரக் கூடாது. இந்தப் புரோகிராமிற்கு நான் செய்த திருத்தம் இரண்டே வரி தான். போல்டரைத் தனியாகப் பிரித்தெடுத்தேன். குளோஷரின் கடைசி வரியில், "இந்த போல்டரை இப்போது விட்டுவிடு" என்று பொருள் தரும் டிராப் கட்டளையை எழுதினேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டதால் போல்டர் குளோஷருக்குள் போயே ஆக வேண்டும். படிப்பவருக்கும் காரணம் புரியும். நாளை யாராவது அந்த வரியை நீக்க நினைத்தால், எதை நீக்குகிறோம் என்று தெரிந்தே நீக்குவார்கள்.

சி ப்ளஸ் ப்ளஸ்காரர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். 2011ல் அந்த மொழிக்கு லாம்டா என்ற பெயரில் குளோஷர் வந்த போதே, எதை எடுத்துச் செல்வது என்ற பட்டியலைச் சதுர அடைப்புக் குறிக்குள் எழுதும் வசதி இருந்தது. பெயர்களை எழுதினால் கண்ணுக்குத் தெரியும். ரஸ்டில் அப்படி ஒரு பட்டியல் இல்லாதது எனக்குக் குறையாகவே படுகிறது. ஆனால் சிரிப்பதற்கு அவர்களுக்கும் அதிக உரிமை இல்லை. சோம்பல்பட்டு, பட்டியலில் சமக்குறி மட்டும் போட்டு "தேவையானதை எல்லாம் நீயே எடுத்துக் கொள்" என்று விட்டுவிடுபவர்கள் தான் பலர். ஒரு பொருளின் உள்ளேயிருந்து இப்படி எழுதினால், அதன் உறுப்புக்கு நகல் எடுக்கப்படுவதில்லை. அந்தப் பொருள் இருக்கும் முகவரி மட்டும் போகும். குளோஷர் இயங்கும் முன்னர் பொருள் அழிந்திருந்தால், இல்லாத வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியது தான். 2020ல் வந்த தர நிர்ணயத்தில் தான், இந்தப் பழக்கத்தைக் கைவிடச் சொல்லி வைத்தார்கள். ரஸ்டில் இந்த ஆபத்து கிடையாது; கம்பைலர் விடாது.

அப்படியானால் ஜாவா போன்ற மொழிகளே மேல் அல்லவா என்று சிலர் கேட்கலாம். மெமரியைச் சுத்தம் செய்வதை அவை தனி ஆளிடம் விட்டுவிடுகின்றன. ஆனால் அவர் எப்போது வருவார் என்று தெரியாது. பைலை மூடும் வேலையை அவரை நம்பி விட முடியாததால், அதற்கென இருந்த பைனலைஸர் என்ற வசதியை 2022ல் வந்த ஜாவா 18, எதிர்காலத்தில் நீக்கப் போவதாகவே அறிவித்தது. விண்டோஸ், பிரிண்டர் டிரைவர், பிரவுசர் போன்றவற்றை எழுத "எப்போதாவது" என்பது போதாது.

இன்னொரு தரப்பு, மொழி எதையும் மாற்றவே கூடாது என்கிறது. இதையும் நான் ஏற்கவில்லை. அஞ்சறைப் பெட்டியையே தூக்கிக் கொடுக்கும் பழக்கம் தவறு. அது மாற வேண்டியது தான். மாற்றிய விதத்தில் ரஸ்ட் குழுவினர் பாராட்டப்பட வேண்டியவர்கள். 2018 எடிஷன் என்று தலைப்பில் குறிக்கப்பட்ட புரோகிராம், புதிய கம்பைலரிலும் பழைய விதிப்படியே தயாராகும். உரியவர் தாமாக எண்ணை மாற்றினால் ஒழிய எதுவும் மாறாது. மாற்றும் முன் எச்சரிக்கையும் தரப்படும். ஓர் இரவு அப்டேட் ஆகி, காலையில் பார்த்தால் பட்டன்கள் இடம் மாறியிருக்கும் அனுபவம் உங்களுக்கு உண்டல்லவா? அதைச் செய்பவர்கள் இவர்களிடம் பாடம் கேட்கலாம்.

எல்லாவற்றையும் கையால் எழுதினால் மீண்டும் சி மொழிக் காலத்திற்கே போய்விடுவோம் என்றும் ஒரு வாதம் உண்டு. நியாயமான பயம். மெமரியை மட்டும் திருப்பித் தரும் பொருட்களைப் பற்றி நான் கவலைப்படவில்லை; அவற்றைக் கம்பைலர் பார்த்துக் கொள்ளட்டும். சில மைக்ரோ செகண்ட் முன்னே பின்னே போனால் யாருக்கும் நஷ்டமில்லை. பைல், போல்டர், பூட்டு, நெட்வொர்க் இணைப்பு என மெமரிக்கு வெளியே தடயம் விடும் பொருட்களுக்கு மட்டும் நான் சொல்லும் விதி. ஒரு சராசரி புரோகிராமில் இப்படிப்பட்ட இடங்கள் விரல் விட்டு எண்ணும் அளவில் தான் இருக்கும்.

இது பழைய கதை என்று ஒதுக்கவும் முடியாது. 2025 பிப்ரவரியில் ரஸ்ட் 1.85 உடன் வந்த 2024 எடிஷன், மூடும் நேரத்தை மீண்டும் மாற்றியது. இந்த முறை குளோஷர் இல்லை. ஒரு நிபந்தனையைச் சோதிக்கும் போது உருவாகும் தற்காலிகப் பொருட்கள். "இப்படி இருந்தால் இதைச் செய், இல்லையேல் அதைச் செய்" என்ற அமைப்பில், நிபந்தனைக்காகப் போட்ட பூட்டு முன்பு "இல்லையேல்" பகுதி முடியும் வரை திறக்கப்படாது. அந்தப் பகுதியிலேயே மீண்டும் அதே பூட்டைக் கேட்டால் புரோகிராம் அப்படியே உறைந்து நிற்கும். இப்போது "இல்லையேல்" பகுதிக்குள் நுழையும் முன்னரே பூட்டு திறக்கப்படுகிறது. இதுவும் நல்ல மாற்றமே. இதையும் நம்பி எழுதிய பழைய புரோகிராம்கள் எங்கோ இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ரஸ்ட் கற்றுக் கொண்டிருக்கும் மாணவர்கள் இதைப் படித்தால், உங்கள் புரோகிராமில் த்ரெட்டுக்கு அனுப்பும் ஒவ்வொரு குளோஷரையும் ஒரு முறை திறந்து பாருங்கள். அது தொடும் பொருளின் மறு பகுதியில் டெஸ்ட்ரக்டர் உள்ள ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பெயர் சொல்லி எழுதிவிடுங்கள்.

மற்றவர்கள், பேக்கப் எடுத்த பின் செய்தியை மட்டும் நம்பாமல் அந்த பைலைத் திறந்து பாருங்கள். ஜிப் பைல் என்றால் வேறு புரோகிராம் வேண்டாம். விண்டோஸில் டபுள் கிளிக் செய்தாலே உள்ளே இருப்பவை தெரியும். தேதியை வைத்து வரிசைப்படுத்தி, கடைசியாக எழுதிய பைல் இருக்கிறதா என்று தேடுங்கள். அதனை வேறு ஒரு போல்டருக்கு இழுத்துப் போட்டு, திறக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு நிமிட வேலை தான்.